ஆயா கன்னத்துல இருக்கறது கறையா, தனக்காவா? கண்ணாடியில ஒட்டிப்போன 1961 போட்டோ

வியாசைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பாதி சொல்லிப் பாதி விட்டா பதில் சொல்றவங்களுக்குத்தான் கஷ்டம், அதனால எல்லாத்தையும் எழுதிடறேன்.

எங்கம்மா பொறந்தது ரங்கூன்ல, 1955. 1964-ல குடும்பத்தோட கப்பல் ஏறி மெட்ராஸ் வந்துட்டாங்க. தாத்தா கணக்கு எழுதிட்டிருந்த துணிக்கடையை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. மே மாசம் 50, 100 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க. கையில இருந்ததும் போச்சு. ரங்கூன்ல இருந்து வந்ததுன்னு எங்க வீட்டுல இருந்தது மூணே பொருள்தான். தனக்கா அரைக்கிற கல் ஒண்ணு, பித்தளைத் தூக்கு ஒண்ணு, இந்த போட்டோ. தூக்கை எப்பவோ யாரோ பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டாங்க, யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கலை.

போட்டோ 1961-ல மொகல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது. தாத்தா மேல கோட்டு, கீழ பர்மா லுங்கின்னு நின்னுட்டிருக்கார். ஆயா நாற்காலியில. அம்மாவுக்கு ஆறு வயசு, நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டு முறைச்சுப் பார்க்கறாங்க. ஆயா மடியில கைக்குழந்தையா சின்ன மாமா. பின்னாடி திரையில படிக்கட்டும் பூந்தொட்டியும். ஆயா ரெண்டு கன்னத்துலயும் வட்டமா தனக்கா போட்டிருப்பாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: தனக்கான்னா ஒரு மரப்பட்டை. தண்ணி விட்டுச் சந்தனம் மாதிரி கல்லுல அரைச்சுக் கன்னத்துல பூசிக்கிறது. பர்மாக்காரப் பொம்பளைங்க பழக்கம், அங்க இருந்த நம்மாளுங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. ஆயா மெட்ராஸ் வந்த பிறகும் சாகற வரைக்கும் விடலை. ரேஷன் கடை க்யூவுல கூட அப்படித்தான் நிப்பாங்களாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. சுவத்து ஆணி ஆடுதுன்னு அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஃபிரேமைக் கழட்டி பீரோ கீழ்த்தட்டுல வெச்சிருந்தோம். ரங்கூன்ல தப்பிச்சது வியாசர்பாடியில மாட்டிக்கிச்சு. மூணு நாள் கழிச்சு எடுத்தோம். உள்ள எல்லாம் ஊறிக் கிடந்தது. நான் என்ன பண்ணேன்னா, ஃபிரேமோட அப்படியே மொட்டை மாடியில வெயில்ல சாய்ச்சு வெச்சேன். காயட்டும்னு. அது தப்புன்னு இப்பத் தெரியுது. காய்ஞ்சதும் படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு.

இப்போ நிலைமை: கீழ்ப் பாதி, அதாவது தாத்தா இடுப்புக்குக் கீழயும் நாற்காலி காலும், கண்ணாடியில ஒட்டி ஈரமா இருக்கற மாதிரியே பளபளன்னு தெரியுது. மேல் பாதி ஒட்டலை. மாமா முகம் இருந்த இடத்தைப் பூஞ்சணம் தின்னுடுச்சு, ரெண்டு கால் மட்டும் இருக்கு. ஆயா முகத்துலயும் திட்டுத் திட்டா இருக்கு. அம்மா முகம் மேல டீ கொட்டின மாதிரி ஒரு பழுப்புக் கறை. அது புயலுக்கு முன்னாடியே உண்டு, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்தக் கறையோடதான் பார்த்திருக்கேன்.

ஒரு டிஜிட்டல் ஸ்டுடியோவுல (பேர் வேணாம்) 1,200 ரூபாய்க்குச் சரிபண்ணித் தர்றேன்னாங்க. குடுத்தேன். கண்ணாடிக்கு மேலேயே போன்ல எடுத்து ஏஐ-ல போட்டிருக்காங்க. ஆயா கன்னம் பளிங்கு மாதிரி. மூக்குத்தி இல்லை. நெத்தியில பொட்டு இல்லை. மாமாவுக்குப் பால் டப்பாவுல வர்ற குழந்தை முகம். மாமா இப்போ திருப்பூர்ல இருக்கார். வாட்ஸாப்ல பார்த்துட்டு, "நான் இவ்வளவு லட்சணமா இருந்தேன்னா உங்க அத்தை வீட்டுல இன்னும் பத்துப் பவுன் கேட்டிருக்கலாமே"ன்னு சிரிக்கிறார். அம்மா "நல்லாருக்கு"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் பழைய ஃபிரேமை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆயா தனக்கா போடாம வெளிய வர மாட்டாங்களே"ன்னாங்க.

ஸ்டுடியோவுல போய்க் கேட்டேன். "மேடம், மூஞ்சி பூரா பூஞ்சணம், க்ளீன் பண்ணிட்டோம்"னாங்க. கோபமா வந்துச்சு. ஆனா வீட்டுக்கு வந்து ஒரிஜினலை உத்துப் பார்த்தா எனக்கே சந்தேகம். எது பூஞ்சணம், எது தனக்கா? ரெண்டும் வெளுப்பாத்தான் இருக்கு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு சின்னதெல்லாம் சரியாத் தெரியறதில்லை.

கண்ணாடியில இருந்து பிரிக்கலாமா? கன்னத்துல இருக்கறதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாமா முகத்தை என்ன செய்யறது? கம்ப்யூட்டர்ல போட்டோ திருத்தற ஜிம்ப் சாஃப்ட்வேர் கொஞ்சம் பழகியிருக்கேன், நேரமும் இருக்கு.

ஒரே_க்ளிக்:

அக்கா இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன். அந்த ஸ்டுடியோவுல பழைய ஆப் வெச்சிருப்பாங்க. இப்போ வர்ற ஏஐ-ல நீங்க என்ன வேணும்னு எழுதிக் கேட்டாலே போதும். "கன்னத்தில் தனக்கா இருக்க வேண்டும், முகத்தை மாற்றாதே"ன்னு போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

வியாசைக்காரி:

தம்பி, அதையும் பண்ணிப் பார்த்தேன். தனக்கா போட்டுக் குடுத்துச்சு, இல்லைன்னு சொல்லலை. இலை மாதிரி நரம்பெல்லாம் வரைஞ்சு, டூரிஸ்ட் விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி. எங்க ஆயாவோடது விரலால இழுத்த வட்டம். முகத்தை மாத்தாதேன்னு சொன்னதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆயா வந்தாங்க. நாலு ஆயா சேர்ந்ததும் நிறுத்திட்டேன்.

டிஃப்_மட்டும்:

அக்கா, நான் ஒரு ஆவணக் காப்பகத்துல ஸ்கேன் பிரிவுல இருக்கேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பிரிக்காதீங்க. போட்டோ பேப்பர்ல படத்தைப் பிடிச்சு வெச்சிருக்கறது ஜெலட்டின். நனைஞ்சா ஊதி, கொழகொழன்னு ஆகும். அந்த நிலையில கண்ணாடியில பட்டுக் காய்ஞ்சா பசை மாதிரியே பிடிச்சுக்கும். இப்போ இழுத்தா பேப்பர் உங்க கையில வரும், தாத்தா கண்ணாடியில இருப்பார். தண்ணியில ஊறவெச்சுப் பிரிக்கிற முறை ஒண்ணு உண்டு, யூடியூப்ல காட்டுவாங்க. உங்க படத்துக்கு அது ஆகாது. பூஞ்சணம் பிடிச்ச ஜெலட்டின் தண்ணி பட்டாலே கரைஞ்சு ஓடிடும், மிச்சம் இருக்கற முகமும் போயிடும். ஒரிஜினலுக்கு ஏதாவது செய்யணும்னா அது படிச்சவங்க கையில நடக்கட்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல 1930-லயே தொடங்கின வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு, ஒரு நடை போய் யோசனை கேட்டுப் பாருங்க. உங்க வேலை எல்லாம் நகல் மேலதான்.

(அன்னிக்கே ஈரத்தோட கண்ணாடியில இருந்து நழுவ விட்டிருந்தா பெரும்பாலும் வந்திருக்கும். நனைஞ்ச படத்தைக் கண்ணாடியோடயோ ஒண்ணு மேல ஒண்ணாவோ காயவிடக் கூடாது. சுத்தத் தண்ணியில ஒரு அலசு அலசி, படம் மேல பார்க்கற மாதிரி நிழல்ல போடணும். உடனே முடியலைன்னா பாலிதீன் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சுடலாம். மழைக்கு முன்னாடி இந்தப் பக்கம் வர்றவங்க படிக்கட்டும்னு சொன்னேன், உங்களைக் குத்திக் காட்ட இல்லை.)

ஸ்கேன் விஷயத்துக்கு வர்றேன். ஃபிரேம் பின்பக்க ஆணியை நெம்பி, அட்டையை எடுத்து, படமும் கண்ணாடியும் சேர்ந்தாப்புல வெளிய எடுங்க. மாஸ்க் போட்டுக்கங்க, காய்ஞ்ச பூஞ்சணம் பறக்கும். ஜெராக்ஸ் கடை ஆல்-இன்-ஒன் மெஷின்ல வைக்காதீங்க. அதுல பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார்தான் இருக்கும். கண்ணாடி மேல ஒட்டி இருக்கறது மட்டும்தான் அதுக்குத் தெளிவாத் தெரியும். உங்க படம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி, ஃபிரேம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கு, மங்கிடும். எப்சன் வி600 மாதிரி, கொஞ்சம் தள்ளி இருக்கறதையும் தெளிவா எடுக்கற சிசிடி ஸ்கேனர் தேடிப் பிடிங்க. கண்ணாடி மேல கண்ணாடி உக்கார்ந்தா மயில் தோகை மாதிரி வட்ட வட்டமா நிறக்கோடு விழும். நாலு ஓரத்துலயும் மெல்லிசா பேப்பர் துண்டு வெச்சுத் தூக்கிக் குடுத்தா போயிடும்.

படம் ஹாஃப் பிளேட் அளவுன்னு வெச்சுக்குவோம், நாலே முக்காலுக்கு ஆறரை இஞ்ச். 1200 டிபிஐ வெச்சா 5700-க்கு 7800 பிக்சல் வரும். 16 பிட் வெச்சு, டிஃப் ஃபைலா சேமிங்க. ஃபைல் கால் ஜிபிக்கு மேல போகும், போகட்டும். ஜேபெக் வேண்டாம்.

கறுப்பு வெள்ளைப் படம்னு சொல்லி கறுப்பு வெள்ளையில ஸ்கேன் பண்ணிடாதீங்க. கலர்லதான் பண்ணணும். உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதிலே அதுலதான் இருக்கு. தனக்கா இருக்கறது படத்தை உண்டாக்கற வெள்ளித் துகள்ல, அதாவது கேமரா பார்த்ததுல. அதுக்கு நிறம் கிடையாது, சாம்பல்தான். கறை வந்தது பின்னாடி, அதுக்கு நிறம் உண்டு, மஞ்சளோ பழுப்போ. ஜிம்ப்ல கலர்ஸ் மெனுவுல டீகம்போஸ் போட்டு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணாப் பிரிங்க. மஞ்சளும் பழுப்பும் நீலத்துல கன்னங்கரேல்னு தெரியும், சிவப்புல ரொம்ப மங்கிடும். மூணுலயும் ஒரே மாதிரி நிக்கறது படத்துல இருந்தது. சிவப்புல காணாமப் போறது கறை. வேலையைச் சிவப்பு சேனல் மேலேயே தொடங்குங்க, பாதி உழைப்பு மிச்சம்.

வெளுப்புத் திட்டுக்கு இது போதாது. பூஞ்சணம் ஜெலட்டினைத் தின்னு வெறும் பேப்பர் தெரியற இடமும் வெளுப்பாத்தான் இருக்கும். அதுக்கு ஒரு டார்ச் போதும். ரூமை இருட்டாக்கிட்டு, ஒட்டாத மேல் பாதியில பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு அடிச்சு, மெதுவா நகர்த்துங்க. ஜெலட்டின் இருக்கற இடத்துல பளபளப்பு ஓடும். தின்ன இடத்துல ஓடாது, மங்கலா பள்ளமாத் தெரியும். லென்ஸ் வெச்சா பேப்பர் நாரே தெரியும்.

தொடாத ஸ்கேனை ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வெச்சுட்டு, திருத்தம் எல்லாம் தனித்தனி லேயர்ல பண்ணுங்க. தூசி, கீறலுக்கு ஒண்ணு. நீங்களா ஊகிச்சு நிரப்பறதுக்கு வேற ஒண்ணு. நாளைக்கு உங்க பொண்ணு திறந்து பார்த்தா எது ரங்கூன், எது வியாசர்பாடின்னு தெரியணும்.

பழைய டார்க்ரூம்:

தாயி, உன் கேள்வியைப் பேரன் படிச்சுக் காட்டினான். தட்டறதும் அவன்தான், சொல்றது நான்.

1972-ல மதுரையில ஒரு ஸ்டுடியோவுல எடுபிடியாச் சேர்ந்தேன். மொதல் ரெண்டு வருஷம் தொட்டி கழுவறதும் பிரிண்டை அலசறதும்தான். ஹைப்போன்னு படத்தை நிலைக்க வைக்கிற மருந்து, அது போக அலசலைன்னா படம் கொஞ்ச வருஷத்துல மஞ்சளடிச்சு மங்கிப்போகும். உங்க ரங்கூன்காரர் நல்லா அலசியிருக்கார், இல்லாட்டி இத்தனை வருஷம் உங்களுக்கு மூஞ்சியே மிஞ்சியிருக்காது. அப்புறம்தான் என்னை டச்சிங் டேபிளுக்கு, அதாவது நெகட்டிவைத் திருத்தற மேஜைக்கு ஏத்தினாங்க. சாய்வுப் பலகை, நடுவுல ஓட்டை, அதுல நெகட்டிவ். கீழ ஒரு கண்ணாடி வெளிச்சத்தை மேல அடிக்கும். பென்சிலை உப்புத்தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு ஊசி முனை ஆக்கணும். நெகட்டிவ் மேல மீடியம்னு ஒரு திரவம் தடவினாத்தான் பென்சில் பிடிக்கும். பென்சில் பட்ட இடம் பிரிண்ட்ல வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ கருப்பு, எல்லாம் அப்படித்தான் போக்கினோம். ஒரு மூஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும், முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நிப்பார்.

இதை ஏன் சொல்றேன்னா, கன்னத்து வெளுப்பு டச்சிங்கா இருக்குமோன்னு உனக்கு அடுத்து ஒரு சந்தேகம் வரும். டச்சிங்னா கன்னம் பூரா ஒரே சீரா, மெழுகு பொம்மை மாதிரி ஆகும். வட்டமா விளிம்பு கட்டி நிக்காது. விளிம்பு தெரிஞ்சா அது பூசினது.

அப்புறம் அந்தப் பொட்டு. அந்தக் காலத்துல நிறைய ஸ்டுடியோவுல ஆர்த்தோ பிலிம்தான். அதுக்குச் செவப்புத் தெரியாது. குங்குமம் கரிக்கட்டை மாதிரி விழும், வெத்திலை போட்ட உதடும் அப்படித்தான். கறுப்பா ஒரு புள்ளி இருக்குன்னு மெஷின் அதையும் அழுக்கோட சேர்த்துத் துடைச்சிருக்கும். கட்டின புருஷன் பக்கத்துல நிக்கறப்ப அந்த அம்மா நெத்தியில இருந்து பொட்டை எடுத்துட்டாங்க. பணம் குடுத்து வாங்கின வேலை அது.

நாங்க மட்டும் அரிச்சந்திரனான்னா, இல்லை. சாவு வீட்டுல எடுத்த படத்தைக் கொண்டுவந்து கண்ணைத் திறந்து குடுன்னு கேப்பாங்க. திறந்திருக்கேன். துண்டு மட்டும் போட்டிருந்தவருக்குக் கோட்டு மாட்டியிருக்கேன். கல்யாணத்துக்கு வராத அண்ணனைத் தம்பி பக்கத்துல கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். ஆனா அந்த மாதிரி வேலை எடுத்தா வீட்டு ஆள் ஒருத்தரைப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சுக்குவேன். "எங்கப்பாவுக்கு எடது புருவம் ஏறியிருக்கும்", "மூக்கு இவ்வளவு கூர் கிடையாது"ன்னு அவங்க சொல்லச் சொல்ல வரையணும். ஒருத்தர் ஒருநா அழுதுட்டார், "இப்பத்தான் எங்கப்பா வந்தார்"னு. அன்னைக்குக் காசு வாங்க எனக்குக் கை வரலை. முதலாளி வாங்கிக்கிட்டார்.

அதனால நீ மொதல்ல உங்கம்மாவைப் பக்கத்துல உக்கார வை. கண்ணு சரியாத் தெரியலைன்னா என்ன, படத்தைப் பெரிசு பண்ணிக் காட்டத்தான் கம்ப்யூட்டர் இருக்கே. கன்னத்தைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் கேளு.

உங்க மாமா மூஞ்சியை வரையாதே. அவரு மூஞ்சி தெரியற மாதிரி அந்த வயசுல எடுத்த வேற படம் இருந்தா சொல்லு, அது வேற பேச்சு. இல்லைன்னா ஆயா சேலை நிறத்தைச் சுத்தியிருந்து மெல்ல இழுத்து, கண்ணை உறுத்தாத சாம்பலா விட்டுரு. ரெண்டு காலும் இருக்கட்டும். கால் யாருதுன்னு வர்றவங்க கேட்டா மாமாவே பதில் சொல்லட்டும், ஆள் இருக்காருல்ல.

வியாசைக்காரி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்லணும்னுதான் வந்தேன்.

தெரிஞ்ச டிசைனர் ஒருத்தர் ஆபீஸ்ல சிசிடி ஸ்கேனர் இருந்துச்சு. முதல் தடவை சொன்ன மாதிரியே மயில் தோகை விழுந்துச்சு. பேப்பர் துண்டு வெச்ச பிறகு சரியா வந்தது. தாத்தா இடுப்புல ஒட்டின இடத்துக்கும் ஒட்டாத இடத்துக்கும் நடுவுல ஒரு கோடு மட்டும் ஆத்தங்கரை மாதிரி வளைஞ்சு ஓடுது. அதைப் பாதிதான் எடுக்க முடிஞ்சுது, விட்டுட்டேன்.

டீகம்போஸ் போட்டு நீல சேனலைத் திறந்தப்போ வயித்தைக் கலக்கிடுச்சு. யாரையும் அடையாளம் தெரியலை, சாக்கடையில இருந்து எடுத்த மாதிரி. சிவப்பைத் திறந்தேன். அந்த டீக்கறை இருந்த இடத்துல கறை இல்லை. அம்மா முகம் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல நான் முதல் தடவையா முழுசாப் பார்க்கறேன். ரெண்டு கன்னத்துலயும் தனக்கா. மூக்கு மேல தனியா ஒரு தீற்றல்.

அம்மாவைக் கூப்பிட்டுப் பெரிசு பண்ணிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "மூக்குலயுமா வெச்சுவிட்டாங்க!"ன்னாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, அன்னிக்கு ஸ்டுடியோவுக்குப் போக மாட்டேன்னு அடம் பிடிச்சு அழுதாங்களாம். மூக்கை அழுத்தித் துடைச்சுவிட்டு அதே கையால தனக்காவையும் பூசி இழுத்துட்டுப் போனாங்களாம் ஆயா. படத்துல முறைக்கிறது அதனாலதான். நாங்க எல்லாரும் அம்மாவுக்குச் சின்ன வயசுலயே கண்டிப்பான முகம்னு சொல்லிட்டிருந்தோம்.

ஆயா கன்னம் கொஞ்சம் சிக்கல். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இடது கன்னத்து வட்டம் முழுக்கத் தனக்கா, பளபளப்பு ஓடுது, ஓரத்துல விரல் இழுத்த கோடு கூட இருக்கு. வலது கன்னத்துல கண்ணுக்குக் கீழ பாதி வட்டம் தனக்கா, காதுப் பக்கம் இருந்த பாதி பூஞ்சணம் தின்ன பள்ளம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரே திட்டாத் தெரிஞ்சிருக்கு. ஆக அந்த ஸ்டுடியோக்காரங்க சொன்னதுல கால்வாசி உண்மை, ஒத்துக்கறேன். கழுத்துல இருந்ததெல்லாம் பூஞ்சணம்தான். பொட்டு இருக்கு, ஐயா சொன்ன மாதிரி கரிக்கட்டை கறுப்புல. மூக்குத்தி இடது பக்கம், ஒரு புள்ளி வெளிச்சமா.

வலது கன்னத்தை நிரப்பணுமே, இடது பக்கத்தைத் திருப்பிப் போட்டுடலாமான்னு பார்த்தேன். அம்மா வேண்டாம்னுட்டாங்க. எழுந்து போய்க் கல்லை எடுத்தாங்க. தனக்காக் கட்டை தீர்ந்து வருஷமாச்சு, சந்தனக் கட்டையைத்தான் இழைச்சாங்க. எங்க பொண்ணுக்கு பத்து வயசு, அவளை ஜன்னல் பக்கம் ஸ்டூல்ல உக்கார வெச்சு ஆயா பூசற மாதிரி பூசிக் காட்டினாங்க. இடது கன்னத்துக்கு மூணு விரல், ஒரே சுத்து. வலது கன்னத்துக்கு வரும்போது கை தானா சின்னதாயிடுச்சு, ரெண்டு விரல்தான், காதுக்கு ஒரு விரல்கடை முன்னாடியே நின்னுடுச்சு. "வலது கையால இந்தப் பக்கம் இப்படித்தான் வரும்"னாங்க. ஒரிஜினல்ல கண்ணுக்குக் கீழ இருக்கற பாதியை அளந்து பார்த்தேன். இடது வட்டத்தை விட அது சின்னதுதான்.

பொண்ணை அதே வெளிச்சத்துல போன்ல எடுத்து வெச்சுக்கிட்டு, அம்மா பக்கத்துல உக்கார, அஞ்சு சாயங்காலம் ஆச்சு வலது கன்னத்துக்கு மட்டும். அந்த லேயருக்கு "அம்மா சொன்னது"ன்னு பேர் வெச்சிருக்கேன். மாமா இடம் சாம்பலாவே இருக்கு. மாமாகிட்ட சொன்னேன், "கால் நல்லா விழுந்திருக்கா, அது போதும்"னார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அம்மா ஹால்ல மாட்டணும்ங்கறாங்க. மேட் பேப்பரா, கிளாஸியா? லேமினேஷன் பண்ணிடலாமா?

பழைய டார்க்ரூம்:

மேட். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சுத்திவர அட்டை மவுண்ட் போடச் சொல்லு, ரெண்டும் தொடக்கூடாது. ஃபிரேம் பின்பக்கம் நாலு மூலையிலயும் கார்க்குத் துண்டு ஒட்டு, சுவத்து ஈரம் ஏறாது. ஒரிஜினலை மெல்லிய காட்டன் துணியில சுத்தி, பாலிதீன் கவர் இல்லாம, பீரோ மேல் தட்டுல வை.

மேல் தட்டு, தாயி.